பாப்பாரப்பட்டி, இண்டூர் பகுதியில் தபால்காரராக இருந்த என் தாத்தாவை அறிந்தவர்கள் எழுதுங்கள்

இண்டூர்ப் பேத்தி

வணக்கம். என் அம்மாவின் அப்பா போன ஆடியில் காலமானார். வயது 84. பாப்பாரப்பட்டிக்கும் இண்டூருக்கும் நடுவே உள்ள சிற்றூர்களில் கிளை அஞ்சலகத் தபால்காரராக வாழ்நாள் முழுவதும் சைக்கிள் மிதித்தவர். வருகிற ஆடியில் முதலாண்டுத் திதி. அதற்குள் அவரைப் பற்றி ஊரார் சொல்வதையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். திங்கள்கிழமை தோறும் தருமபுரி ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளுக்காக, ஞாயிறு இரவே எங்கள் திண்ணையில் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். முதியோர் உதவித்தொகை, விதவை உதவித்தொகை, பட்டா மாறுதல், சாதிச் சான்றிதழ் என்று எது கேட்டாலும் எழுதிக் கொடுப்பார். தாள் அவருடையது, மை அவருடையது. மனு கொடுத்துவிட்டு வந்தவர்களிடம் ஒப்புகைச் சீட்டை வாங்கி அரிசி டின்னில் போட்டு வைப்பார். பதில் வராவிட்டால் அடுத்த மனுவில் பழைய சீட்டின் எண்ணைக் குறிப்பிட்டு எழுதுவார். அந்த டின் நிறைந்து இரண்டாவது டின்னும் பாதிக்கு மேல் வந்திருக்கிறது.

இறுதி ஊர்வலத்துக்கு வந்த கூட்டத்தில் பாதிப்பேரை எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. பென்னாகரம் மலையோரத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து, அழுது, எங்களிடம் பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார்கள். அவர்களில் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

இன்னொன்று. அவருடைய மரப்பெட்டியில் நீளமான கணக்கு நோட்டுகள் ஒரு கட்டு கிடைத்தது. மேலட்டையில் ‘நீர்’ என்று மட்டும் இருக்கிறது. உள்ளே ஊர்ப்பெயர், தெரு, அடிபம்பு அல்லது கிணறு, ஆழம், தேதி. கடைசிக் கட்டத்தில் ‘சி’, ‘இள’, ‘ம’ என்று ஒற்றை எழுத்துகள். சில பக்கங்களில் ‘ம’வைச் சுற்றி வட்டம் போட்டு, அருகே குழந்தைகளின் பெயரும் வயதும் எழுதியிருக்கிறார். இது என்னவென்று யாருக்காவது தெரியுமா?

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்

அம்மா, அந்த நோட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் தாத்தாவும் நானும் சேர்ந்து தொடங்கிய வேலை அது. நான் விலகி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன பிறகும் அவர் தனியாகவே தொடர்ந்திருக்கிறார் என்பது இன்றுதான் எனக்குத் தெரிகிறது.

நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம் என்பது அனைவரும் அறிந்ததே. அடியில் இருக்கும் கடினப் பாறையிலுள்ள கனிமங்களிலிருந்து அது மெல்லக் கரைந்து நீரில் சேர்கிறது. மழைநீர் ஊறும் மேல்மட்டக் கிணற்றைவிட, பாறைக்குள் நெடுங்காலம் தங்கிய ஆழ்துளைக் கிணற்று நீரில் பெரும்பாலும் அது கூடுதலாக இருக்கும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது; வேறு நீரே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தரக்கட்டுப்பாடு. அதற்கு மேல் போனால் முதலில் குழந்தைகளின் பல்லில் தெரியும். எட்டு வயதுக்குள், நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் பருவத்தில் அந்த நீரைக் குடித்தால், முளைக்கும்போதே பல்லில் வெண்திட்டும் பழுப்புக் கறையும் இருக்கும். பல ஆண்டுகள் குடித்தால் எலும்பில் ஏறும். முதுகும் முழங்காலும் மடங்காமல் போகும். எலும்பில் ஏறிவிட்டால் அதைத் திருப்பி எடுக்க மருந்து கிடையாது.

இதை ஊரில் முதலில் கவனித்தவர் நான் இல்லை, உங்கள் தாத்தாதான். ஒரு நாள் பள்ளிக்குத் தபால் கொடுக்க வந்தவர் என்னிடம் கேட்டார்: ‘சார், மேலத்தெருப் பிள்ளைகள் சிரித்தால் பல் வெள்ளையாக இருக்கிறது. கீழத்தெருப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். இரண்டு தெருவிலும் ஒரே சாதி, ஒரே சாப்பாடு. தண்ணீர் மட்டும் வேறு. மேலத்தெருவுக்குப் பழைய கிணறு, கீழத்தெருவுக்குப் புது போர்.’ வேதியியல் படித்த நான் நாள்தோறும் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வீடு வீடாகப் போகிறவர் கண்ணுக்குத்தான் தெரு வாரியாக அது பட்டது.

அதன் பிறகு பரிசோதனைப் பெட்டி ஒன்றுக்கு ஏற்பாடு செய்தோம். சிர்கோனியமும் அலிசரின் என்ற சாயமும் கலந்த கரைசல் அது. இளஞ்சிவப்பாக இருக்கும். ஃப்ளூரைடு உள்ள நீரில் சில துளி விட்டால் சிவப்பு மங்கி மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு ஃப்ளூரைடு. ஆக, நோட்டில் ‘சி’ என்றால் சிவப்பு, குடிக்கலாம். ‘இள’ என்றால் இளமஞ்சள், எல்லையில் இருக்கிறது. ‘ம’ என்றால் மஞ்சள், குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. வட்டம் போட்ட இடத்தில் உள்ள பெயர்கள், அந்த நீரைக் குடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுடையவை.

ஒயிட்ஃபீல்டு கொத்தனார்

பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் பாப்பாரப்பட்டிக்கு மேற்கே. எங்கள் அப்பாவும் இதே வேலையாக இதே ஊருக்கு வந்தவர். அவர் அனுப்பும் மணியார்டரை எங்கள் அம்மாவிடம் கொண்டு வந்து கொடுத்தவர் உங்கள் தாத்தா.

அம்மாவுக்கு அப்போது எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டு வைத்துத்தான் பணம் வாங்குவார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்க வகுப்பு எங்கள் ஊரில் நடந்தபோது, மாலையில் லாந்தர் வெளிச்சத்தில் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். பகலில் தபால், இரவில் பாடம். அம்மா தன் பெயரை எழுதக் கற்ற பிறகு வந்த முதல் மணியார்டரில் அவர் மைப்பெட்டியை எடுக்கவே இல்லை. பேனாவை நீட்டிவிட்டுக் காத்திருந்தார். அம்மா எழுதி முடிக்க வெகுநேரம் ஆனதாம். ‘இன்னும் நாலு ஊருக்குப் போக வேண்டுமே, நேரமாகிறதே’ என்று அம்மா பதறியபோது, ‘நீ எழுதும்மா, தபால் எங்கும் ஓடிப்போகாது’ என்றாராம். அம்மா இதை இப்போதும் சொல்லிச் சொல்லி அழுகிறார்.

எங்கள் அப்பா சாரத்திலிருந்து விழுந்து இறந்த செய்தி தந்தியில் வந்தது. அதை வாசலில் நின்று நீட்டிவிட்டுப் போகிறவர் இல்லை அவர். முதலில் என் மாமாவைக் காட்டிலிருந்து அழைத்துவந்தார். பக்கத்து வீட்டு ஆயாவை எங்கள் வீட்டில் உட்கார வைத்தார். பிறகுதான் பிரித்துப் படித்தார். அன்று மீதித் தபாலை இரவில் கொண்டுபோய்க் கொடுத்தார் என்று பிற்பாடு தெரிந்தது. எனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. அவர் மடியில்தான் தூங்கினேனாம்.

இளைஞர் மன்றம்

அக்கா, நாங்கள் உங்கள் ஊர்ப் பையன்கள்தான். தாத்தாவுக்கு ஊர் நுழைவாயிலில் மார்பளவுச் சிலை வைக்கப் பணம் திரட்டிக்கொண்டிருக்கிறோம். பாதிக்கு மேல் சேர்ந்துவிட்டது. திதியன்று திறந்துவிடலாம் என்று எண்ணம். வெளியூரில் இருப்பவர்கள் இந்த இழையைப் படித்தால் உதவலாம். சிற்பியிடம் கொடுக்க நல்ல புகைப்படம் ஒன்று வேண்டும்.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு

நாங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம். உங்கள் தாத்தா எங்களுக்கு உறவும் இல்லை, ஊரும் இல்லை. என் தம்பிக்கு இளம் வயதில் வலிப்பு வந்து, பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் அப்பாவுக்குக் கன்னடம் தெரியாது, பெங்களூரும் தெரியாது. தருமபுரியில் ஒரு தெரிந்தவர் மூலம் உங்கள் தாத்தாவின் பெயர் கிடைத்தது. அவருடைய அம்மா அஞ்செட்டிப் பக்கம் என்பதால் கன்னடம் நன்றாகப் பேசுவார் என்றார்கள்.

விடியற்காலை பஸ்ஸில் எங்களோடு ஏறினார். சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, மருத்துவர் சொன்னதை ஒரு தாளில் தமிழில் எழுதினார்: எந்த மாத்திரை, எப்போது, எதை நிறுத்தக் கூடாது. திரும்பும்போது ஓசூரில் சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா பணம் கொடுக்கப் போனார். ‘உங்கள் பையன் மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் எனக்குக் கூலி கொடுத்த மாதிரி’ என்றார். அதற்குப் பிறகும் மறுபரிசோதனைக்குப் பலமுறை வந்தார். தம்பி இன்று தோப்பைப் பார்த்துக்கொள்கிறான், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது எந்த மனுவை எந்த ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்து ஆட்கள் குழம்பிப்போனார்கள். அதற்கும் அவரைத்தான் தேடிப் போனோம். எந்த வட்டம் எங்கே சேர்ந்தது என்று மனப்பாடமாகச் சொன்னார்.

வெண்ணிற உடை

நான் செவிலியர். அவர் இறந்த இரவு அந்த வீட்டில் இருந்தேன். கண்தானம் செய்ய வேண்டும் என்று அவர் முன்பே எழுதி வைத்திருந்தார். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் விழிப்படலத்தை எடுத்தாக வேண்டும் என்பதால் நான்தான் கண் வங்கிக்குத் தொலைபேசியில் பேசினேன். மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி, மூடிய இமைகளின் மேல் ஈரப் பஞ்சு வைத்துக் காத்திருந்தோம்.

உறவினர் சிலர் ஒப்பவில்லை. ‘கண் இல்லாமல் எப்படி அனுப்புவது, அடுத்த பிறவியில் குருடாகப் பிறந்தால்?’ என்று பெரியவர் ஒருவர் கேட்டார். அவருடைய வலியும் எனக்குப் புரிந்தது. அப்போது உங்கள் ஆயா எழுந்து வந்து, ‘ஊர்க் கடிதமெல்லாம் படித்த கண். இன்னும் ரெண்டு பேர் படிக்கட்டும்’ என்று சொன்னார். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. குழு வந்து அரைமணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். முகத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை என்று அந்தப் பெரியவரே பிறகு என்னிடம் சொன்னார்.

இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: கண்ணாடி போட்டவர்கள், கண்புரை அறுவை செய்தவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் கொடுக்கலாம். வயது தடை இல்லை. எழுதி வைக்காமல் இறந்தவரின் கண்களையும் குடும்பத்தார் சம்மதித்தால் கொடுக்கலாம்.

நல்லம்பள்ளி விவசாயி

அவர் நல்ல மனிதர், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. எங்கள் ஊர் பாரதக் கூத்தில் பதினெட்டு நாளும் பெட்ரோமாக்ஸுக்குக் காற்றடித்தவர். அர்ச்சுனன் தபசு முடிந்து மக்கள் கலையும் முன்பு மேடையேறி, எந்தப் பம்பில் குடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்.

ஆனால் அந்த நோட்டுகளால் இனி என்ன பயன்? ஒகேனக்கல் தண்ணீர் வந்துவிட்டது. 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013 மே மாதம் தொடங்கி வைத்தார்கள். சுமார் 1,928 கோடி ரூபாய்த் திட்டம், ஜப்பான் நிதியுதவி. காவிரி நீரில் இந்தத் தொல்லை இல்லை. பழைய கணக்கைப் பாதுகாப்பதைவிட, பையன்கள் சொல்வது போலச் சிலை வைப்பதே அடுத்த தலைமுறைக்கு அவரைக் காட்டும்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்

ஐயா, ஒகேனக்கல் திட்டம் வந்த அன்று அவர் எனக்குத் தொலைபேசியில் பேசினார். குரல் உடைந்துவிட்டது. அதன் அருமை எனக்கும் தெரியும். ஆனால் உங்கள் ஊரிலேயே பாருங்கள். குழாய் உடைந்தாலோ, மின்சாரம் தடைப்பட்டாலோ, கடைக்கோடித் தெருவுக்கு நீர் ஏறாவிட்டாலோ மக்கள் மறுபடி எதற்குப் போகிறார்கள்? அதே ஆழ்துளைக் கிணற்றுக்குத்தான். குடிக்க ஒகேனக்கல் நீர், சமைக்க போர் தண்ணீர் என்று பிரித்து வைத்திருக்கும் வீடுகள் எத்தனை! ராகிக் களிக்கு உலை வைப்பதும், சோறு வடிப்பதும், பருப்பு வேகவைப்பதும் அந்த நீரில் என்றால் ஃப்ளூரைடு உணவோடு உள்ளே போகிறது. கொதிக்க வைத்தால் அது போகாது. நீர் வற்ற வற்ற மீதியில் அடர்த்திதான் கூடும். இதைப் படித்தவர்களே தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒவ்வொரு தெருவிலும் ஆண்டு வாரியாக, ஆழம் வாரியாக எழுதி வைத்த பதிவு அது. நீர்மட்டம் இறங்கி, போரை இன்னும் ஆழப்படுத்தியபோது ‘இள’ எப்படி ‘ம’ ஆனது என்பது அதில் இருக்கும். ஒரு தனிமனிதர் தன் சொந்தக் காசில் இப்படி எழுதி வைத்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இண்டூர்ப் பேத்தி

எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. கொத்தனார் அண்ணா, தந்தி பற்றி நீங்கள் எழுதியதை ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். அன்று அவர் நள்ளிரவில் வீடு வந்து சாப்பிடாமல் படுத்தார் என்று ஆயாவுக்கு நினைவிருக்கிறது. காரணம் மட்டும் அவர் சொல்லவில்லையாம்.

ஆசிரியர் ஐயா சொன்ன பிறகு நோட்டுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். வட்டம் போட்ட ஒரு பக்கத்தில் என் அம்மாவின் பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே வேறு மையில், ‘கிணற்றுக்கு மாற்றியாயிற்று’.

இதையெல்லாம் ஏன் செய்தார் என்று சிலர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள். அவர் இதற்கென்று காரணம் எதுவும் சொன்னதில்லை. ஆனால் ஆண்டுதோறும் ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடத்துக்குப் போவார். 1925-இல் சிவா அங்கேதான் மறைந்தார். சிறையில் தொழுநோய் பிடித்து, ரயிலில் ஏறக்கூடாது என்று வெள்ளை அரசு தடுத்தபோதும், ஊர் ஊராக நடந்தும் கட்டை வண்டியிலும் போய்ப் பேசியவர் அவர். சிறுவனாக இருந்தபோது சிவாவை நேரில் பார்த்ததாகத் தாத்தாவின் அப்பா சொல்லியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் தொழுநோய் வந்து ஊருக்கு வெளியே குடிசையில் தள்ளி வைக்கப்பட்டிருந்தவர்களுக்குத் தபால் பையிலேயே மாத்திரை கொண்டு போய்க் கொடுத்து, அவர்களோடு உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்துவிட்டு வருவார். வேனில் வந்து பெயர் சொல்லாமல் போனவர்கள் அவர்களுடைய பிள்ளைகளாக இருக்கலாம் என்று அம்மா நினைக்கிறார்.

சிலை பற்றி: தம்பிகளே, உங்கள் அன்பைக் குறைத்து நினைக்கவில்லை. ஆனால் சிலைக்கு மாலை போடும் இரண்டு நாள் தவிர மீதி நாளெல்லாம் அதன்மேல் காக்கை உட்காரும் காட்சியை என்னால் தாங்க முடியாது. அவர் படம் எடுத்துக்கொள்ளவே கூச்சப்பட்டவர். பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றுதான் எங்களிடம் இருக்கிறது. அந்தப் பணத்தில் ஊர்ப் பள்ளிக்கு ஏதாவது செய்ய முடியாதா?

இளைஞர் மன்றம்

அக்கா, நீங்கள் சொல்வதை மன்றத்தில் பேசினோம். சிலை வேண்டாம் என்பதற்கு ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கல்லே வேண்டாம் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டோம். நம் மாவட்டம் முழுக்க நடுகல். ஏரிக்கரையிலும் காட்டிலும் வயல் வரப்பிலும் நிற்கிறது. தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். எதிரி கவர்ந்த ஆநிரையை மீட்கப் போய் இறந்தவனுக்கு ஊர் கல் நட்டது. எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்தப் பூசலில் பட்டான் என்று வட்டெழுத்தில் வெட்டி வைத்தது. பதின்மூன்று, பதினான்கு நூற்றாண்டு கடந்தும் அந்த வீரனின் பெயரை நம்மால் படிக்க முடிகிறது. மாட்டை மீட்டவனுக்குக் கல் உண்டு, எங்கள் எலும்பை மீட்டவருக்கு இல்லையா? எனக்கே கீழத்தெரு வீடுதான். என் அண்ணன் பல்லையும் என் பல்லையும் பார்த்தால் தெரியும், தாத்தா எந்த ஆண்டு அந்தப் பம்பில் குடிக்கக் கூடாது என்று சிவப்பு வண்ணம் அடிக்க வைத்தார் என்று.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்

தம்பி, இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. கல் நடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். அதில் அவர் உருவத்துக்குக் கீழே ஊரின் குடிநீர் ஆதாரங்கள் ஒவ்வொன்றையும் பொறியுங்கள். எந்தப் பம்பு, எவ்வளவு ஆழம் என்று. பக்கத்தில் ஒரு கரும்பலகை இருக்கட்டும். பருவமழைக்கு முன்னும் பின்னும் சோதித்து, ‘சி’, ‘இள’, ‘ம’ என்று சுண்ணாம்புக் கட்டியால் எழுத வேண்டும்.

நல்லம்பள்ளி விவசாயி

இப்படியென்றால் என் பங்கும் உண்டு. எங்கள் ஊரிலும் ஒரு பலகை வைப்போம். கல் உடைக்கும் ஆட்கள் எனக்குத் தெரிந்தவர்கள், கருங்கல் என் பொறுப்பு. சோதிக்க யார் கற்றுக் கொடுப்பார்கள்?

இண்டூர்ப் பேத்தி

ஆயாவிடம் கேட்டேன். உருவம் வேண்டாம், சைக்கிள் மட்டும் செதுக்கினால் போதும் என்கிறார். தம்பிகள் சிற்பியிடம் அதைச் சொல்லிவிடுங்கள். நோட்டுகளை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து ஆசிரியருக்கு அனுப்பத் தொடங்கிவிட்டேன். குழந்தைகளின் பெயர் உள்ள பகுதியை மறைத்துத்தான் பொதுவில் வைப்போம். ஆசிரியர் ஐயா, நீங்கள் எப்போது வர முடியும்?

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்

வரும் ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். குடிநீர் வாரியம் ஊராட்சிகளுக்குக் கொடுத்த பரிசோதனைப் பெட்டி உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் இருக்கிறதா என்று பையன்கள் கேட்டு வைக்கட்டும். இருந்தால் கரைசல் காலாவதியாகிவிட்டதா என்று தேதியைப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சமைக்கும் நீரைத் தனியாகவும் குடிக்கும் நீரைத் தனியாகவும் சுத்தமான பிளாஸ்டிக் புட்டியில் பிடித்து, மேலே தெருப்பெயர் எழுதி வையுங்கள். பிடிக்கும் முன் அதே நீரில் புட்டியை இருமுறை அலச வேண்டும்.

ஒயிட்ஃபீல்டு கொத்தனார்

கல் நிறுத்த மேடை கட்டும் வேலை என்னுடையது. கூலி பற்றி யாரும் பேச வேண்டாம். அம்மாவையும் அழைத்து வருகிறேன். அந்தக் கரும்பலகையில் முதல் வரியைத் தான் எழுத வேண்டும் என்கிறார்.